கைதிக்கு மட்டும் எடை

‘கொற்றவை’ போர்க்கப்பலில் கால் தரையில் பாவ நடப்பதற்குக் கொடுத்து வைத்தவர் ஒரே ஒருவர்தான். அவர் மேல் தேசத்துரோக வழக்கு இருந்தது.

மற்றவர்கள் எல்லோரும், கேப்டன் நாச்சியார் முதல் சமையல்கட்டு ஒச்சு வரை, மூன்று வருடமாக அந்தரத்தில் மிதந்துகொண்டிருந்தார்கள். முகம் ஊதி, கால் சூம்பி, சட்டையைக் கழற்றினால் எல்லோரும் ஒரே அச்சு: மேலே பூசணிக்காய், கீழே முருங்கைக்காய். ஒரு வருடத்து முற்றுகை என்று சொல்லித்தான் கூட்டி வந்தார்கள். வியாழனின் நிலவு ஒன்றில் சுரங்கக்காரர்கள் கலகம் செய்தார்கள். கலகக்காரர்களுக்கு நம்முடைய விடுமுறை நாட்களைப் பற்றி என்ன அக்கறை? அவர்கள் அடங்குவதற்குள் ஒன்று மூன்றாகிவிட்டது. இப்போதுதான் ஊர் திரும்ப உத்தரவு வந்திருக்கிறது. திரும்பிப் போய்ச் சேர எட்டு மாதம் ஆகும்.

லெப்டினன்ட் சவரிராயனை அடைத்து வைத்திருந்த அறை கப்பலுக்கு வெளியே இருந்தது. நீண்ட எஃகுக் கை ஒன்று. அதன் ஒரு முனையில் அறை, மறுமுனையில் அதற்குச் சமமான பளு. கை சுற்றச் சுற்ற, அறைக்குள் இருப்பவரைத் தரை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். ராட்டினத்தில் உட்கார்ந்தவனை வெளிப்பக்கம் தள்ளுகிற அதே விசைதான். அந்த அறையில் தண்ணீர் கீழே விழும். படுத்தால் முதுகு மெத்தையில் அழுந்தும். சாப்பாடு தட்டிலேயே இருக்கும். கப்பலில் பாதிப் பேர் கனவில் கண்டதெல்லாம் அந்த ஆளுக்கு நிஜத்தில் கிடைத்தது.

“குத்தம் பண்ணவனுக்கு ராஜ வாழ்க்கை, ஒழுங்கா இருக்க நமக்கு இந்தத் தொங்கலா? எந்த ஊரு நியாயம்டே இது?” என்றான் பேச்சிமுத்து. அவன்தான் கைதிக்குக் காவலான ஹவில்தார். ஒச்சு கொடுத்த கூழ்ப்பையைக் குழாய் வழியாக உறிஞ்சிக்கொண்டிருந்தான்.

“அது சட்டம்ணே,” என்றான் ஒச்சு. “முன்ன ஒரு கைதிய இப்பிடித்தான் மெதக்க விட்டே பூமிக்குக் கொண்டாந்தாய்ங்களாம். கோர்ட்ல ஜட்ஜு எந்திரிச்சு நில்லுன்னுருக்காரு. எந்திரிச்சான். இடுப்பெலும்பு நொறுங்கி அங்கனயே செத்துப் போனான். பேப்பர்காரய்ங்க விடுவாய்ங்களா? அன்னையில இருந்து விசாரணைக் கைதின்னா, நிக்கிற பதத்துல ஒப்படைக்கணும். நிக்க மாட்டாதவன விசாரிக்கவே கூடாது.”

“அப்ப நம்ம இடுப்பெலும்பு?”

“நாம சம்மதம்னு ஒத்துக்கிட்டு ஏறுனவய்ங்க. நம்ம எலும்புக்கு நாமதாம் பொறுப்பு.”

“நம்மளையும் முறை வச்சு அந்த ரூமுக்குள்ள விட்டா என்னவாம்?”

“நல்லாக் கேட்டீக. சண்டைக் கப்பலுக்கு அந்தக் கை ஒரு எடஞ்சலுண்ணே. சட்டத்துக்காகத்தான் சுத்துது. அந்தாளு இல்லேன்னா அன்னைக்கே மடக்கி உள்ள இழுத்துருவாக.” ஒச்சு குரலைத் தாழ்த்திக்கொண்டான். “அவரு கெண்டைக்காலப் பாத்தீகளா? உருண்டையா, கல்லு மாதிரி. என்னோடதயும் பாருங்க, கோழிக்கு இருக்கும் இதவிட.”

பேச்சிமுத்து பார்த்திருந்தான். வேலையே அதுதானே. அறையில் நடப்பது அவன் முன்னால் இருந்த திரையில் நாள் முழுவதும் தெரியும்.

பொறாமை அவனுக்குப் பிறவிக்குணம். கல்யாணமான புதிதில், களைப்பில் ஸ்டெதாஸ்கோப்பைக் கழுத்தில் போட்டபடியே மனைவி தூங்கிவிட்டாள் என்று, அந்த ஸ்டெதாஸ்கோப்பின் மேல் ஒரு வாரம் கடுப்பாக இருந்தவன். மனைவி மங்கையர்க்கரசி டாக்டர், இவன் ஹவில்தார், காதல் கல்யாணம். திருச்சிக்காரி, அதுவும் டாக்டர், கோவில்பட்டிக்காரனான தன்னிடம் எதைக் கண்டு கட்டிக்கொண்டாள் என்பது அவனுக்கு இன்றுவரை விளங்கவில்லை. எப்படி வந்தது என்று தெரியாத சொத்து எப்படிப் போகும் என்றும் தெரியாதல்லவா? அந்தப் பயம்தான் அவனுக்கு. கப்பலில் அவள்தான் ஒரே டாக்டர். பிறர் முன்னால் அவளை ‘டாக்டர் மேடம்’ என்று கூப்பிட்டு சல்யூட் அடிக்க வேண்டும். மிதந்துகொண்டு சல்யூட் அடித்தால் உடம்பு லேசாக ஒரு பக்கம் திரும்பிவிடும். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு போவாள்.

ஊரில் அவர்களுக்கு ஐந்து வயதில் மகள் இருந்தாள், வேணி. அவளுக்கு இரண்டு வயதாக இருந்தபோது கட்டாய அழைப்பு வந்தது. பேச்சிமுத்துவின் அக்காவிடம் பிள்ளையை விட்டுவிட்டு இருவரும் ஏறினார்கள். புருஷன் பெண்டாட்டியை ஒரே கப்பலில் போடுவதைப் பட்டாளம் பெரிய சலுகையாகச் சொல்லிக்கொண்டது. வாரம் ஒரு தடவை வேணி பேசிய படம் வரும்.

“யப்பா, நீ வந்ததும் என்னைய உப்பு மூட்டை தூக்கணும். அத்தை முதுகு வலிக்குதுன்னு தூக்க மாட்டேங்கா.”

அதைத்தான் பேச்சிமுத்து திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பான். ஊருக்குப் போக வேண்டும், மகளைத் தூக்க வேண்டும். அவனுக்கு வேறு ஆசை கிடையாது. ஆனால் பூமிக்கு மேலே சுற்றுகிற மேல்நிலையத்தில் எலும்புத் தேர்வு என்று ஒன்று இருந்தது. எலும்பின் பலம் ஒரு கோட்டுக்குக் கீழே போயிருந்தால் பூமியில் இறக்க மாட்டார்கள். இறங்கினால் சொந்த எடையே ஆளை முறித்துப் போடும். கோட்டைத் தாண்டிக் கீழே போனவர்களுக்கு மருந்து கிடையாது. அவர்கள் மேல்நிலையத்திலேயே காலம் தள்ள வேண்டியதுதான். பெண்டு பிள்ளைகளைத் திரையில் பார்த்துக்கொள்ளலாம்.

யாருக்கு எவ்வளவு பலம் மிச்சம் என்பது டாக்டருக்கு மட்டும் தெரியும். வெளியே சொன்னால் கப்பலிலேயே கலகம் வரும் என்று மேலிடம் அவள் வாயைக் கட்டியிருந்தது.

“என் எலும்பு எப்படி இருக்கு? நெசத்தச் சொல்லு,” என்று பேச்சிமுத்து அடிக்கடி கேட்பான்.

“நல்லா இருக்கு. மாத்திரையை மறக்காமப் போடுங்க.”

“உன்னது?”

“எனக்கென்ன!” என்பாள்.

தினமும் ஒரு மணி நேரம் டாக்டர் அந்த அறைக்குள் போய்க் கைதியைப் பரிசோதிக்க வேண்டும் என்பதும் சட்டம். நோயாளி டாக்டரிடம் பேசுவதை வேறு யாரும் கேட்கக் கூடாது என்பதால் அந்த நேரத்தில் திரையில் படம் மட்டும்தான், சத்தம் வராது. முதல் இரண்டு வருடம் டாக்டருக்கு அங்கே வேலை இருக்கவில்லை. அறையே மடங்கிக் கிடந்தது. சவரிராயன் கைதான பிறகுதான் கை விரிந்தது, மங்கை போக ஆரம்பித்தாள்.

ஊர் திரும்பும் உத்தரவு வந்த வாரத்திலிருந்து அந்த ஒரு மணி நேரத்தின் போக்கு மாறிவிட்டது.

கப்பலில் மங்கை முடியை வலைக்குள் அடைத்து வைத்திருப்பாள். இல்லாவிட்டால் அது நாலா பக்கமும் எழுந்து நிற்கும். அன்று அறைக்குள் போனதும் வலையைக் கழற்றினாள். முடி சரிந்து தோளில் விழுந்தது. மூன்று வருடமாகப் பேச்சிமுத்து கண்ணால் காணாத காட்சி அது. அதை எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தது சவரிராயன். நாற்பத்தைந்து வயது, முன்மண்டையில் வழுக்கை, பார்க்க ஒன்றும் பெரிய மன்மதன் இல்லை. ஆனால் இரண்டு காலில் நின்றார். அது போதாதா?

மறுநாள் இரண்டு எவர்சில்வர் டம்ளர்கள் வந்தன. காபி. கப்பலில் காபியென்றால் பைக்குள் அடைத்துக் குழாயில் உறிஞ்சுகிற கஷாயம். மங்கை அதை டம்ளரில் பிழிந்து, கையை உயர்த்தி, ஒரு டம்ளரிலிருந்து இன்னொன்றுக்கு நீளமாக ஆற்றினாள். நுரை பொங்கியது. முதல் டம்ளரைக் கைதியிடம் நீட்டினாள். அவர் ஏதோ சொன்னார். அவள் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள். சிரித்துவிட்டு, ஒரு நொடி, படக்கருவியை நேராகப் பார்த்தாள்.

பேச்சிமுத்துவுக்குக் காது மடல் வரைக்கும் சுட்டது. அன்று அவள் வந்ததும் கேட்டான்.

“காப்பியில என்னத்தச் சோதிச்சீங்க, டாக்டர் மேடம்?”

“சூடு சரியா இருக்கான்னு,” என்றாள் அவள், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல்.

“எனக்கு ஒருநாளாச்சும் ஆத்திக் குடுத்திருக்கியா இங்க?”

“இங்க ஆத்தினா உங்க மூக்குல வந்து ஒட்டிக்கும். குடிச்சுக்கறீங்களா?”

“அவன் என்ன சொன்னான், அப்பிடிச் சிரிச்ச?”

“நோயாளி சொன்னதை வெளிய சொல்லக் கூடாது.”

சட்டம் பேசினாள்! அவன் கேப்டனிடம் போனான். கைதியைக் கருவிகளை வைத்தே பரிசோதித்தால் என்ன, டாக்டர் எதற்கு நேரில் போக வேண்டும் என்று கேட்டான். கேப்டன் நாச்சியார் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். “பேச்சிமுத்து, உன் வயித்தெரிச்சலுக்கெல்லாம் நான் சட்டத்தை மாத்த முடியாது. போய் வேலையைப் பாரு,” என்றாள். வெளியே வந்தால் ஒச்சு. “டாக்டரம்மா முகத்துல இப்பல்லாம் ஒரு களைதாண்ணே,” என்று அவன் பங்குக்கு எண்ணெய் ஊற்றினான். பேச்சிமுத்துவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மாத்திரையையும் கோபத்தில் இரண்டு நாள் போடாமல் விட்டான்.

பிறகுதான் அது நடந்தது. மங்கை அறைக்குள் போனாள். வலையைக் கழற்றினாள். கைதியிடம் ஏதோ சொல்லிவிட்டு, அவருடைய கட்டிலில் ஏறிப் படுத்து, போர்வையை இழுத்துக் கழுத்துவரை மூடிக்கொண்டாள். தூங்கிவிட்டாள். சவரிராயன் கட்டிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தரையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தது பேச்சிமுத்துவின் கண்ணில் படவில்லை. என் பெண்டாட்டி அவன் கட்டிலில் என்ற ஒன்றுதான் பட்டது.

காவல் சாவி அவனிடம் இருந்தது. எஃகுக் கைக்குள் ஓடும் குழாயில் ஏணியைப் பிடித்து இறங்கினான். முதலில் உடம்பு பஞ்சாக வந்தது. போகப் போகக் கனத்தது. பாதி வழியில் தோள் இறங்கிவிட்டது, முழங்கால் நடுங்கியது, நெஞ்சு அடைத்தது. கோபம் மட்டும் குறையவில்லை. கதவைத் திறந்தபோது அவனால் நிற்கவே முடியவில்லை; சுவரைப் பிடித்துக்கொண்டான்.

மங்கை எழுந்து உட்கார்ந்தாள். சவரிராயன் திரும்பினார். அவனுடைய கால்கள் வளைவதைப் பார்த்துவிட்டு, “பேச்சிமுத்து, மெதுவா. கால் தாங்காது, உக்காருங்க,” என்றார்.

அந்தக் கரிசனம்தான் அவனைக் கிளப்பிவிட்டது. “என் காலப் பத்திப் பேச நீ யாருல?” என்று பாய்ந்து ஒரு குத்து விட்டான். சவரிராயனின் தாடையில் பட்டது. அவர் உதட்டில் சின்னக் கீறல். பேச்சிமுத்துவின் கை மணிக்கட்டில் சடக்கென்று முறிந்தது. அலறிக்கொண்டு விழுந்தான். விழுந்த இடத்திலிருந்து எழுந்திருக்கவும் அவனுக்குத் தெரியவில்லை.

சவரிராயன் உதட்டைத் துடைத்துக்கொண்டு மங்கையைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு அவர் சுவரில் இருந்த அழைப்புப் பொத்தானை அழுத்தினார். “காவலர் என்னை அடிச்சிட்டார். புகார் குடுக்கணும்,” என்றார்.

கப்பலே மூக்கில் விரல் வைத்தது. பீரங்கி அதிகாரியாக இருந்து, கலகக்காரர்களின் கப்பல் ஒன்றைச் சுடச் சொன்னபோது பீரங்கியை அணைத்துவிட்ட மனிதர் அவர். தன்னைக் கைது செய்ய வந்தவர்களுக்குக் கூடக் கதவைத் திறந்துவிட்டு வழி விட்டவர். ஒரு கீறலுக்குப் புகார் கொடுக்கிற ரகம் இல்லை.

விசாரணையில் பேச்சிமுத்துவின் இடது கையில் நாடி பார்க்கும் கருவியை மாட்டினார்கள். பொய் சொன்னால் சிவப்பு, உண்மை சொன்னால் பச்சை.

“ஏன் அடிச்சே?” என்றாள் கேப்டன்.

“என் பொண்டாட்டி அவன் கட்டில்ல படுத்திருந்தா மேடம்.” பச்சை.

“முன்கூட்டியே யோசிச்சு வச்சு அடிச்சியா? யாராவது அடிக்கச் சொன்னாங்களா?”

“யோசிச்சிருந்தா இடது கையால அடிச்சிருப்பேன் மேடம்.” அதற்கும் பச்சைதான்.

காவலில் இருப்பவரைக் காவலனே அடித்தால் அது பெரிய குற்றம். பூமிக்குக் கொண்டுபோய் நீதிமன்றத்தில்தான் விசாரிக்க வேண்டும். அதாவது, நிற்கிற பதத்தில் ஒப்படைக்க வேண்டும். இப்போது கப்பலில் இரண்டு கைதிகள், எடையுள்ள அறை ஒன்று. அடித்தவனையும் அடிபட்டவரையும் ஒரே அறையில் போடக் கூடாது. வாரத்துக்கு ஒருவராக மாற்றி வைக்கலாமா என்று கேப்டன் யோசித்தாள்.

“வேண்டாம் மேடம்,” என்றார் சவரிராயன். “இவர் இருந்த ரூம்ல படுக்க எனக்குப் பயமா இருக்கு. எடை எனக்கு வேண்டாம். ஆஸ்பத்திரி ரூம்லயே பூட்டி வைங்க.”

“என்ன சொல்றீங்கன்னு தெரிஞ்சுதான் சொல்றீங்களா?”

“தெரிஞ்சுதான் சொல்றேன்.”

கேப்டன் அவரை வெகுநேரம் பார்த்தாள். நாடிக் கருவி பக்கத்திலேயே கிடந்தது. அதை அவர் கையில் மாட்டச் சொல்லாமல், “சரி, அப்படியே செய்யுங்க,” என்று எழுந்து போய்விட்டாள்.

இப்படியாகப் பேச்சிமுத்து, கப்பலே ஏங்கிய அறைக்குள் போய்ச் சேர்ந்தான். முதல் நாட்களில் அது நரகமாக இருந்தது. தன் தலையைத் தன் கழுத்து தாங்கவில்லை. கழிவறைக்குத் தவழ்ந்து போனான். உடம்பு வலியாவது பரவாயில்லை. சவரிராயன் இப்போது ஆஸ்பத்திரி அறையில், நாளெல்லாம் மங்கையின் பொறுப்பில் இருக்கிறான் என்ற நினைப்பு வேறு. ஒரு மணி நேரம் போதாதென்று முழு நாளையும் நானே தூக்கிக் கொடுத்துவிட்டேனே என்று கட்டிலில் புரண்டான். மங்கை வந்து கைக்கட்டை மாற்றிவிட்டுப் போவாள். அவன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வான்.

அவன் எழுந்து நிற்க ஆரம்பித்த பிறகு ஒருநாள், அவள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

“விசாரணை முடிஞ்சுது. இனிமே அந்தக் கருவியை உங்க கையில மாட்ட மாட்டாங்க. அதனால சொல்றேன், கேளுங்க,” என்றாள். “உங்க எலும்பு கோட்டுக்கு ரொம்பப் பக்கத்துல வந்துடுச்சு. இன்னும் ரெண்டு மாசம் மிதந்திருந்தா உங்களை இறக்கவே மாட்டாங்க.”

“நல்லா இருக்குன்னு சொன்னியேட்டி?”

“சொல்லக் கூடாதுன்னு உத்தரவு. சொல்லியிருந்தாலும் நீங்க என்ன பண்ணியிருப்பீங்க? எடை இருக்கிற ரூம் ஒண்ணு. அதுக்குள்ள போறதுக்கு வழியும் ஒண்ணுதான். ஏதாவது குற்றம் பண்ணணும்.”

அவனுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. விளங்கியதும் எழுந்து உட்கார்ந்தான்.

“அப்ப அந்தக் காப்பி, கட்டில், எல்லாம்…”

“உங்களைப் பத்தி எனக்குத் தெரியாதா? ஸ்டெதாஸ்கோப் மேல பொறாமைப்பட்ட ஆளு. இதைப் பாத்தா சும்மா இருப்பீங்களா? கட்டில்ல படுக்கிற வரைக்கும் போக வேண்டாம்னுதான் நினைச்சேன். காபிக்கே வந்து அடிப்பீங்கன்னு பாத்தேன்.”

“என்ட்டச் சொல்லியிருந்தா நானே போயி ஒரு அப்பு அப்பியிருப்பேன்ல?”

“அந்தக் கருவிகிட்ட என்ன சொல்லியிருப்பீங்க? நிஜமான கோபம் வேணும். உங்ககிட்ட அது ஒண்ணுதான் குறையில்லாம இருந்துது.”

அவன் சிரிக்கவில்லை. “அந்தாளுக்கு இதுல என்ன வந்தது? யாராச்சும் சும்மா காலை விட்டுக் குடுப்பானா?”

“அவருக்கு இது கால் இல்லை, கழுத்து. அவர் சுடாம விட்ட கப்பல்ல பிள்ளைங்க இருந்தாங்க. கோர்ட்டுல அது எடுபடாது. சண்டை நேரத்துல கட்டளையை மீறினா தூக்குதான். ஆனா நிக்க முடியாதவரை விசாரிக்க முடியாது. எட்டு மாசம் மாத்திரை இல்லாம மிதந்தா கோட்டுக்குக் கீழ போயிடுவாரு. மேல்நிலையத்துலயே உயிரோட இருந்துக்கலாம்.” அவள் அந்த அறையைச் சுற்றிப் பார்த்தாள். “தூக்குல போடறதுக்கு ஆளைத் தயார் பண்ற ரூம் இது. இதைப் பாத்துத்தான் கப்பலே வயிறு எரிஞ்சுது.”

பேச்சிமுத்துவும் ஒருமுறை அறையைச் சுற்றிப் பார்த்தான்.

“டாக்டரா நான் பண்ணினது தப்புதான்,” என்றாள். “ஒருத்தர் எலும்பு கரையறதுக்கு நானே துணை போயிருக்கேன். கட்டின புருஷன் கையை முறிச்சிருக்கேன்.”

“நீ சிரிச்சியே, அது?”

“பாதி நடிப்பு.”

“மீதி?”

“மீதி சிரிப்புதான். நாளெல்லாம் மிதந்துட்டு ஒரு மணி நேரம் கால் தரையில பட்டா யாருக்குத்தான் சிரிப்பு வராது?”

அந்த மீதி பேச்சிமுத்துவை உறுத்தியது. அதைத் தோண்டிக் கேட்கத்தான் வாயெடுத்தான். ஆனால் வேறொரு கேள்வி முந்திக்கொண்டு வந்தது.

“உன் எலும்பு?”

அவள் கைக்கட்டைச் சரிசெய்தாள்.

“மங்கை, உன் எலும்பு எப்பிடி இருக்கு?”

“ஏறும்போதே எனக்குக் கம்மி. வேணிக்குப் பால் குடுத்த உடம்பு. போன வருஷமே கோட்டுக்குக் கீழ போயிட்டேன். இந்த ஒரு மணி நேர எடையெல்லாம் அதுக்குப் பத்தாது. டாக்டரைக் கைதியாக்க முடியாதே, வேற டாக்டர் இல்லையே.” சாதாரணமாகத்தான் சொன்னாள். “மேல்நிலையத்துக்கு டாக்டர் வேணும்னு கேட்டிருந்தாங்க. வரேன்னு சொல்லிட்டேன்.”

பேச்சிமுத்து கணக்குப் போட்டான். எப்படிப் போட்டாலும் ஒரே விடைதான் வந்தது.

“அப்ப நீயும் அவனும் மேல. நான் கீழ.”

“நீங்களும் வேணியும் கீழ,” என்றாள் மங்கை.

“எனக்கு வேண்டாம். நான் வெளிய வாரேன். உன் கூடவே மேல கெடக்கேன்.”

“ரெண்டு பேரும் மேல கிடந்தா அவளுக்கு யாரு? ஆறு மாசமோ ஒரு வருஷமோ ஜெயில்ல இருப்பீங்க. வேலை போயிடும். போகட்டும். அப்புறம் நடந்து வீட்டுக்குப் போவீங்க. அவகிட்ட நம்மள்ல ஒருத்தராவது போகணும்ங்க.” அதற்கு மேல் அவளால் முடியவில்லை. கப்பலில் அழுதால் கண்ணீர் கண்ணிலேயே திரண்டு நிற்கும். இங்கே அது வழிந்து மோவாய் வரைக்கும் இறங்கியது. அவள் துடைத்துக்கொண்டு, முடியை வலைக்குள் திணித்து, ஏணியில் ஏறிப் போய்விட்டாள்.

அவள் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை. அவர்கள் இரண்டு பேரும் வயதாகும் வரைக்கும் ஒரே கூரைக்குக் கீழே இருப்பார்கள். இவன் உறுதியான காலை வைத்துக்கொண்டு கோவில்பட்டியில் நிற்க வேண்டும். இந்தச் சிறையிலிருந்து வெளியேற இன்னும் ஒரு வழி இருந்தது. அடிபட்டவரே புகாரைத் திரும்ப வாங்கிக்கொண்டால் வழக்கு கிடையாது.

இப்போது காவலுக்கு ஒச்சுவைப் போட்டிருந்தார்கள். பேச்சிமுத்து அவனைக் கெஞ்சினான். “ஆஸ்பத்திரி ரூமுக்கு ஒரு தடவை லைன் குடுடே.”

“ஒரே ஒரு தடவைண்ணே. கேப்டனுக்குத் தெரிஞ்சா எனக்கும் எடை வந்துரும்,” என்று சொல்லி ஒச்சு இணைத்துவிட்டான்.

“சொல்லுங்க பேச்சிமுத்து. கை எப்படி இருக்கு?” என்றது சவரிராயனின் குரல்.

“புகாரத் திரும்ப வாங்கிக்க. உன் கால்ல வேணும்னாலும் விழுறேன். என்னைய வெளிய விடச் சொல்லு.”



“வாங்கினா, திரும்ப என்னை அங்க கொண்டாந்து விடுவாங்க,” என்றார் சவரிராயன். “ஊருக்குப் போனதும் தூக்குல போட்டுடுவாங்க. நான் உங்களை மன்னிக்க முடியாதுங்க. மன்னிச்சா நான் செத்துப் போவேன்.”



“ஒண்ணு சொல்லவா?” என்றார் அவர். “எனக்குத்தான் உங்களைப் பாத்து வயித்தெரிச்சல். அந்த ஒரு மணி நேரமும் அவங்க பேசினது உங்களைப் பத்தித்தான். நீங்க குறட்டை விடறது எந்த ராகம்ங்கிற வரைக்கும் எனக்குத் தெரியும். எனக்காக யோசிக்கறதுக்கு ஊர்லயும் ஆள் இல்லை, இங்கயும் ஆள் இல்லை. நீங்க போய்ப் பிள்ளையைப் பாருங்க.”

“அண்ணே, போதும், யாரோ வராக,” என்று ஒச்சு நடுவில் அவசரப்படுத்தினான்.

“இருடே, ஒரு நிமிசம்,” என்றான் பேச்சிமுத்து. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தான். என்ன சொல்ல வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. நாக்குதான் ஒத்துழைக்கவில்லை. “அவ தனியா உக்காந்தா சாப்பிட மாட்டா. வேலை வேலைன்னு அப்பிடியே மூடி வச்சிருவா.”

“தெரியும்,” என்றார் சவரிராயன்.

அந்த ஒற்றைச் சொல்லில் பேச்சிமுத்துவின் வயிறு பற்றி எரிந்தது. இது கூட இவனுக்குத் தெரிந்திருக்கிறதே! பல்லைக் கடித்துக்கொண்டான்.

“தெனமும் கூட உக்காந்து சாப்பிடுங்க,” என்றான்.

“சரிங்க.”

“சாப்பிட மட்டுந்தான். சொல்லிப்புட்டேன்,” என்றான் பேச்சிமுத்து.